கள்ளக்குறிச்சி வீட்டில் பீட்ரூட் நுண்கீரை: பருவமும் விதையும் சொல்லும் முறை

பீட்ரூட் விதையை ஒரு தட்டில் நெருக்கமாகத் தூவி முளைக்கவிட்டு, இரண்டு வித்திலைகள் விரிந்ததும் சிவந்த தண்டோடு நறுக்கி எடுத்தால் அதுதான் பீட்ரூட் நுண்கீரை. மைக்ரோகிரீன்ஸ் என்ற பெயரில் நகரத்துக் கடைகளில் சிறு டப்பாக்களில் விற்கப்படுவது இதுவே. இதை வீட்டில் வளர்க்க எல்.இ.டி. விளக்கும், இரும்பு அடுக்கும், விலை கூடிய தட்டுகளும் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்து வீட்டுக்கு, அது சமவெளியில் இருந்தாலும் கல்வராயன் மலையில் இருந்தாலும், இவற்றில் எதுவும் தேவைப்படாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பீட்ரூட் தட்டு வீணாவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் உண்டு: தவறான மாதத்தில் விதைப்பது, பீட்ரூட் விதையை மற்றக் கீரை விதைபோலவே கையாள்வது. இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் திண்ணையோ ஜன்னலோரமோ போதும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டு காரணங்களில் ஒன்றிலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே படிகளை மனப்பாடம் செய்வதைவிடக் காரணத்தைப் புரிந்துகொள்வது பயன் தரும். இடத்துக்கும் வானிலைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளவும் முடியும்.

முதலில் மாதம். பீட்ரூட் ஐரோப்பியக் கடலோரங்களில் தானாக வளரும் கடல் பீட் என்ற செடியிலிருந்து வந்தது. குளிர்ந்த காற்றுக்குப் பழகிய பயிர். நமக்கும் அது நீலகிரி, கொடைக்கானல் பக்கமிருந்து வந்திறங்கிய மலைக்காய்கறியாகத்தான் அறிமுகம். இதன் விதை 30 டிகிரி செல்சியஸ் வரை நன்றாகவே முளைக்கும். 35 டிகிரியைத் தாண்டும்போது முளைப்பு சரிகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, ஈரமும் வெப்பமும் சேர்ந்த நெருக்கமான தட்டில் நாற்றழுகல் நோயைத் தரும் பூஞ்சணங்கள் பீட்ரூட்டை முந்திக்கொண்டு வளர்வது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை ஆகிய சமவெளி ஊர்களில் பங்குனி தொடங்கி ஆனி வரை பகல் வெப்பம் 35 டிகிரியை எளிதில் தாண்டும். அந்த மாதங்களில் பீட்ரூட் தட்டு வைப்பது விதையை வீணாக்கும் வேலை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி முடிய உள்ள காலமே சமவெளிக்கு ஏற்றது. பகலில் 30 டிகிரிக்குப் பக்கமும் இரவில் 20 டிகிரிக்குப் பக்கமுமாக இருக்கும் மார்கழி, தை மாதங்கள் பீட்ரூட்டுக்கு மிகவும் பிடித்தவை.

மலையில் கணக்கு வேறு. கல்வராயன் மலையின் ஊர்கள் பலவும் ஏறத்தாழ 2,000 அடிக்கும் 3,000 அடிக்கும் இடையில் இருக்கின்றன. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொது விதி. அந்தக் கணக்கில் வெள்ளிமலைப் பக்கத்து வீடு அடிவாரத்தைவிட சுமார் மூன்று முதல் ஐந்து டிகிரி குளிர்ந்திருக்கும். எனவே கோடையின் உச்ச மாதங்கள் நீங்கலாக ஆண்டின் பெரும்பகுதி அங்கே பீட்ரூட் விதைக்கலாம். ஆனால் மலைக்கு அதற்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பனியும் மூட்டமும் தங்கும்போது தட்டு காய்வதே இல்லை, வெளிச்சமும் குறைவு. சமவெளியில் வெப்பம் செய்யும் கேட்டை மலையில் ஈரம் செய்யும். சமவெளிக்காரர் தண்ணீர் விட மறக்கக் கூடாது. மலைக்காரர் தண்ணீர் விடும் கையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

இனி விதை. பாக்கெட்டைப் பிரித்தால் கரடுமுரடாக, தக்கைபோல் கனமற்று, மிளகளவில் இருக்கும் ஒவ்வொன்றும் உண்மையில் தனி விதை அல்ல. பல பூக்கள் ஒட்டி வளர்ந்து காய்ந்துபோன கனிக்கொத்து அது. உள்ளே இரண்டு முதல் ஐந்து விதைகள் வரை இருக்கும். வயலில் இது ஒரு தொல்லை: ஒரே குழியில் நாலைந்து நாற்று வந்து நிற்க, ஒன்றை விட்டு மற்றதைக் கையால் களைய வேண்டும். கரும்பு தெரிந்த நம் மாவட்டத்துக்குப் பீட்ரூட்டின் உறவான சர்க்கரை பீட் புதிதாகத் தோன்றலாம். அந்தப் பயிரில் இந்தக் களையெடுப்புக் கூலி பெரிய சுமையாக இருந்தது. 1948-ல் அமெரிக்காவில் சவிட்ஸ்கி என்ற ஆய்வாளர் ஒற்றை முளை தரும் செடிகளைக் கண்டெடுத்த பிறகுதான் அது தணியத் தொடங்கியது. நுண்கீரைக்கோ இந்தக் கொத்து அமைப்பே லாபம். ஒரு கொத்துக்கு இரண்டு மூன்று தண்டுகள் கிடைக்கும். ஆகவே ஒற்றை முளை ரகத்தைத் தேடி அதிக விலை கொடுக்க வேண்டாம். டெட்ராய்ட் டார்க் ரெட், கிரிம்சன் குளோப் போன்ற வழக்கமான காய்கறி ரகங்களே போதும்.

விதை வாங்கும்போது விடக் கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது: மருந்து கலந்த விதையா, கலக்காததா? வயலுக்கென விற்கப்படும் பீட்ரூட் விதையில் பெரும்பாலும் தைரம் போன்ற பூஞ்சணக் கொல்லி பூசியிருப்பார்கள். இளஞ்சிவப்போ நீலமோ பச்சையோ ஏறிய விதை, பாக்கெட்டில் நச்சு எச்சரிக்கை இருக்கும் விதை, இரண்டுமே நுண்கீரைக்கு ஆகாது. இரண்டு மூன்று மாதம் மண்ணில் வளரும் கிழங்குக்குப் பொருந்தும் நடைமுறை, இரண்டு வாரத்தில் விதையோடு ஒட்டிய இலையையே தின்னும் பயிருக்குப் பொருந்தாது. கழுவிவிட்டால் போய்விடும் என்று நம்ப வேண்டாம். மருந்தில்லாத விதை கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும் வரை காத்திருப்பதே சரி. சொந்தமாக விதை எடுத்துக்கொள்ளலாமே என்று, சாமையும் கேழ்வரகும் விதைக்கெடுத்து வைத்துப் பழகிய மலை வீடுகளில் கேட்பது இயல்பு. பீட்ரூட் இரண்டு ஆண்டுப் பயிர். பல வாரம் 10 டிகிரிக்கும் குறைவான குளிர் பட்டால்தான் பூத்தண்டு விடும். கல்வராயன் மலையில் அவ்வளவு நீண்ட குளிர் கிடையாது. விதைக்கு வெளியூரை நம்பித்தான் ஆக வேண்டும். இது இந்தப் பயிரின் உண்மையான குறை, மறைக்கத் தேவையில்லை.

கொத்தைச் சுற்றியுள்ள தக்கையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. மழை பெய்து அவை கரைந்தோடிய பிறகே முளைக்க வேண்டும் என்பது அந்தச் செடி தனக்குச் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த மழையின் வேலையை நாம் செய்ய வேண்டும். விதையை முதலில் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நிறைய தண்ணீரில் எட்டு மணி நேரம் ஊற வையுங்கள். நடுவில் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். பழுப்பாக இறங்கும் சாயம் குறைந்துகொண்டே வரும். அதே தண்ணீரில் ஒரு பகல் ஓர் இரவு கிடக்கவிட்டால், கரைந்த பொருளிலேயே விதை மூழ்கிக் கிடக்கும், காற்றும் கிடைக்காது. ஊற வைத்ததன் பயன் போய்விடும். தண்ணீரின் தரமும் இங்கே முக்கியம். வளர்ந்த பீட்ரூட் செடி உப்பைத் தாங்கும், கடலோரத்து வம்சம் என்பதால். ஆனால் முளைக்கும் பருவத்தில் அதே செடி உப்புக்குச் சுருங்கிவிடும். சமவெளியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் வீடுகளில், ஊற வைக்கவும் முதல் ஐந்து நாள் ஈரப்படுத்தவும் மட்டும் குடிநீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். ஒரு தட்டு விதைப்பிலிருந்து அறுப்பு வரை கேட்பது ஒரு குடத்துக்கும் குறைவான தண்ணீர்தான்; கோடையில் குடிநீருக்கு அலையும் ஊரில்கூட இது ஒரு பாரமாக இருக்காது.

தட்டுக்கு, 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள எந்தப் பிளாஸ்டிக் பெட்டியும் சரி. ஒரே அளவில் இரண்டு எடுத்து, ஒன்றின் அடியில் பத்துப் பதினைந்து துளை இட்டு மற்றதற்குள் உட்கார வையுங்கள். நிரப்புவதற்குத் தென்னை நார்க்கழிவு, அதாவது கோகோபீட் நல்லது. கட்டியை ஊற வைத்து உதிர்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்தால் அதில் உள்ள உப்பு இறங்கிவிடும். மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பிக் கையால் சமமாக அழுத்துங்கள். பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வரும் ஈரமே சரியான ஈரம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கும் மாவட்டம் இது. ஆலைக்கழிவான பிரஸ்மட் வயலுக்கு எருவாகப் போவதைப் பார்த்தவர்களுக்கு அதைத் தட்டிலும் போடலாமே என்று தோன்றும். சாணத்தையும் அப்படியே நினைப்பார்கள். இரண்டும் வேண்டாம். விதைக்குள்ளேயே இரண்டு வாரத்துக்கான உணவு இருக்கிறது, எருவுக்கு இங்கே வேலையே இல்லை. சரியாக மட்காத எரு, பச்சையாகத் தின்னப்போகும் கீரைக்குக் கிருமியைத்தான் கொண்டுவரும்.

கிருமி பற்றிய அச்சம் வெறும் கற்பனை அன்று. 2011-ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் வழியே ஈ.கோலை கிருமி பரவி, ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படியானால் இந்தக் கீரையே ஆபத்தல்லவா என்று கேட்கலாம். முளைகட்டிய பயறும் நுண்கீரையும் ஒன்றல்ல. முளைகட்டும்போது விதையும் வேரும் மூடிய ஈரத்தில் கிடக்கின்றன, அவற்றை முழுதாகவே தின்கிறோம். நுண்கீரையில் காற்றும் வெளிச்சமும் படும் தண்டையும் இலையையும் மட்டும் வெட்டி எடுக்கிறோம். ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மருந்தில்லாத நல்ல விதை, சுத்தமான தண்ணீர், சோப்பு போட்டுக் கழுவிய தட்டு, கத்தரிக்கோல், கை ஆகியவை இதனால்தான் கட்டாயம். கருவுற்ற பெண்களுக்கும், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும், கைக்குழந்தைகளுக்கும் பச்சையாகக் கொடுக்காமல் கொதிக்கும் கூட்டில் போட்டு வேக வைத்துக் கொடுப்பதே நல்லது.

விதைப்புக்கு இந்த அளவுத் தட்டுக்கு 15 முதல் 18 கிராம் காய்ந்த விதை எடுத்து ஊற வைத்தால் போதும். கொத்துகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்று இருக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறிய இடத்தில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும். அடுத்தது, விதையை மூடுவதா வேண்டாமா என்ற கேள்வி. பல வழிகாட்டிகள் மூடவே வேண்டாம், பாரம் வைத்தால் போதும் என்கின்றன. வறண்ட காற்றடிக்கும் சமவெளி மாசியில் நான் அதை ஏற்கமாட்டேன். தக்கை சீக்கிரம் காய்ந்துவிட்டால் உள்ளிருக்கும் முளை கருகும். வெளியே வந்தாலும் ஓடு இலையிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அரை சென்டிமீட்டருக்கும் மெல்லியதாகக் கோகோபீட்டைத் தூவி மூடினால், முளை அதை முட்டிக்கொண்டு வரும்போதே ஓடு பின்தங்கிவிடும். அறுத்தபின் தூள் ஒட்டியிருக்கும், அலச வேண்டியிருக்கும். அது சிறிய விலை. ஈரம் தங்கும் மலைக் கார்த்திகையில் இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்: மேலே கோகோபீட் தூவ வேண்டாம், பாரம் மட்டும் போதும். இன்னொரு தட்டை விதையின்மேல் படும்படி நிமிர்த்தி வைத்து, அதற்குள் எடைக்கு ஒரு செங்கல் வைத்து மூன்று நான்கு நாள் இருட்டில் விடுங்கள். நாளுக்கு ஒரு முறை திறந்து காற்றுப் படவிட்டு, மேற்பரப்பு காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீரைப் புகைபோலத் தெளியுங்கள். கொத்துக்குள் இருக்கும் எல்லா விதையும் ஒரே நாளில் முளைக்காது. முதலாவதும் கடைசியும் இரண்டு மூன்று நாள் தள்ளி வரலாம். அதைப் பார்த்து விதை கெட்டது என்று தட்டைக் கொட்டிவிட வேண்டாம்.

முளைகள் பாரத்தைத் தூக்கத் தொடங்கியதும் எடையை எடுத்துவிட்டு, காலித் தட்டை மட்டும் இன்னும் ஒரு நாள் கவிழ்த்து வையுங்கள். வெளிச்சத்தைத் தேடித் தண்டு சற்று நீளும், அறுக்க வசதி. பிறகு வெளிச்சம். காலை வெயில் இரண்டு மணி நேரம் படும் கிழக்குத் திண்ணையும், அதன் பிறகு நிழலும் சமவெளிக்கு ஏற்ற இடம். தகரக் கொட்டகையின் அடியில் வைக்காதீர்கள், மாசியிலேயே அங்கே வெப்பம் ஏறிவிடும். மூட்டமான மலை வீட்டில் உள்ளதிலேயே வெளிச்சமான இடம் எதுவோ அங்கே வையுங்கள். தண்டு வெளிறி நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. இந்தக் கட்டத்திலிருந்து மேலே தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, அடித்தட்டில் ஒரு டம்ளர் ஊற்றுங்கள். அரை மணி நேரத்தில் உறிஞ்சாமல் மீந்ததைக் கொட்டிவிடுங்கள். தட்டைத் தூக்கிப் பார்த்துக் கனம் குறைந்திருந்தால் மட்டும் அடுத்த தண்ணீர். முளையடியில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் பதற வேண்டாம். ஒவ்வொரு வேரையும் சுற்றி ஒழுங்காக நின்று, தண்ணீர் தெளித்ததும் மறைந்தால் அவை வேர்த்தூவிகள். சிலந்தி வலைபோல ஒரு தண்டிலிருந்து இன்னொரு தண்டுக்குத் தாவி, தெளித்தும் மறையாமல், பழைய நாற்றத்தோடு இருந்தால் அது பூஞ்சணம். சிறு இடமாக இருந்தால் அந்தப் பகுதியைச் சுற்றிலும் சேர்த்து அள்ளி எறிந்துவிட்டுக் காற்றோட்டத்தைக் கூட்டலாம்; பரவிவிட்டால் தட்டு முழுவதையும் எருக்குழிக்கு அனுப்புங்கள். மருந்தடிக்கும் பேச்சுக்கே இடமில்லை.

சமவெளித் தையில் பன்னிரண்டாம் நாள் முதல் பதினைந்தாம் நாளுக்குள் வித்திலைகள் முழுதாக விரியும்; மலையில் இரண்டு மூன்று நாள் கூடுதலாகும். நடுவில் மூன்றாவது இலை எட்டிப் பார்க்கும்போதே அறுத்துவிடுங்கள், அதற்குமேல் விட்டால் மண்வாசனை தூக்கலாகும். அறுப்பதற்கு முன்பு அரை நாள் தண்ணீர் விடாமல், காலையில் கோகோபீட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே கத்தரியுங்கள். நன்றாக வந்த தட்டில் 80 முதல் 100 கிராம் வரை கிடைக்கும். ஈரமில்லாமல் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அன்றாடம் வேண்டியதை மட்டும் அறுத்துக்கொண்டால் தட்டே நல்ல சேமிப்பிடம். வெட்டிய பீட்ரூட் மறுபடி துளிர்க்காது. ஊறிய பாசிப்பருப்புக் கோசுமல்லியில், தயிர்ப் பச்சடியில், சூடான சாமைச் சோற்றின்மேல், கேழ்வரகுக் கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் வெங்காயத்தோடு என்று எங்கும் சேரும். தாளிப்பில் வதக்கினால் நிறமும் மணமும் போய்விடும். அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள்.

இவ்வளவு வேலைக்கு 100 கிராம்தானா, கீரைக்கட்டு சந்தையில் கிடைக்கிறதே என்பது நியாயமான எதிர்ப்பு. மலையிலோ மழைக்குப் பிறகு கொல்லையிலும் காட்டோரத்திலும் கீரை தானாகவே வருகிறது. கட்டுக்கீரைக்கு மாற்றாக இதை யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கணக்கில் இது தோற்றுவிடும். சத்தைப் பற்றிய மிகைப் பேச்சையும் ஒதுக்கிவிட வேண்டும். 2012-ல் அமெரிக்க வேளாண் துறையும் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 25 வகை நுண்கீரைகளை ஆராய்ந்து, எடைக்கு எடை பார்த்தால் முதிர்ந்த இலைகளைவிட வைட்டமின்கள் பொதுவாக அதிகம் என்று சொன்னது உண்மை. ஆனால் நாம் தின்னும் எடை சிறியது. பீட்ரூட் கீரை ரத்தச்சோகையை நீக்கும் என்று சொல்வதைப் பாருங்கள்: முதிர்ந்த பீட்ரூட் இலையில் 100 கிராமுக்கு இரும்புச்சத்து சுமார் இரண்டரை மில்லிகிராம். தளிரிலும் அதே அளவு என்று கொண்டால், 25 கிராம் தூவிச் சாப்பிடுபவருக்குக் கிடைப்பது ஒரு மில்லிகிராமில் பாதியைச் சற்று தாண்டும். 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வயதுவந்த பெண்ணுக்குப் பரிந்துரைத்தது நாளுக்கு 29 மில்லிகிராம். போதாததற்கு, பீட்ரூட் இலையில் உள்ள ஆக்சலேட் அந்த இரும்பையும் முழுதாக உடலில் சேரவிடாது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அந்த ஆக்சலேட்டுக்காகவே ஒதுங்கியிருக்க வேண்டும். வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் வைட்டமின் கே நிறைந்த எந்தக் கீரையையும் மருத்துவரிடம் கேட்டே கூட்டிக்கொள்ள வேண்டும். சிறுநீர் சிவந்து போனால் அது சாயம்தான், பயமில்லை. இத்தனைக்கும் பிறகு இந்தத் தட்டுக்கு எஞ்சும் நியாயம் எளிமையானது: மண் இல்லாத மாடி வீட்டிலும், வாடகை வீட்டின் ஒற்றை ஜன்னலிலும், கால் இயலாத முதியவர் கைக்கெட்டும் இடத்திலும், பறித்த நிமிடமே தட்டில் விழும் பசுந்தளிரை இது தருகிறது. கீரையை ஒதுக்கும் குழந்தை, தானே தண்ணீர் ஊற்றிய சிவப்புத் தண்டைத் தின்னக்கூடும். அதற்கு மூன்று பெட்டியும் ஒரு செங்கலும் கொடுக்கலாம் என்றுதான் நான் கருதுகிறேன்.

பங்குனி பிறந்ததும் சமவெளிக்காரர்கள் பீட்ரூட்டை நிறுத்திவிட்டு அதே தட்டில் சிவப்புத் தண்டுக்கீரைக்கு மாறுங்கள். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். பீட்ரூட்டின் சிவப்பும் தண்டுக்கீரையின் சிவப்பும் பீட்டாலைன் என்ற ஒரே வகைச் சாயத்தால் வருபவை. தண்டுக்கீரைக்கு வெயில் பிடிக்கும். மேலே சொன்ன 25 வகை ஆய்வில் வைட்டமின் கே அளவில் முதலிடம் பிடித்ததும் ஒரு சிவப்புத் தண்டுக்கீரைத் தளிர்தான். இதற்கு ஊற வைப்பதும் பாரமும் வேண்டாம்; நான்கைந்து கிராம் விதையை மணலோடு கலந்து சீராகத் தூவி, இரண்டு நாள் மூடிவைத்துத் திறந்தால் பத்து நாளில் அறுக்கலாம். விதையையும் கொல்லையில் நிற்கும் ஒரு முதிர்ந்த செடியிலிருந்தே உதிர்த்துக்கொள்ளலாம், கடைக்குப் போக வேண்டியதில்லை. மீந்த பீட்ரூட் விதையை ஈரம் புகாத டப்பாவில் போட்டு வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வைத்தால் இரண்டு மூன்று ஆண்டு கெடாது. அடுத்த கார்த்திகையில் விதைக்கும் முன்பு, அதில் 20 கொத்தை எடுத்துக் கழுவி ஊற வைத்து ஈரத்துணியில் மடித்து வையுங்கள். ஒரு வாரத்தில் 15 கொத்துக்கு மேல் முளைத்தால் பழைய அளவே போதும். பத்துக்குப் பக்கமாக நின்றால் புது விதை வாங்கிக்கொள்ளுங்கள். அளவைக் கூட்டிப் போட்டால் முளைக்காத கொத்துகள் தட்டில் அழுகி மற்றதையும் கெடுக்கும்.